ராத்திரி பஸ்ஸும் காலை மேட்சும்

கோடை வந்துவிட்டால் தென் மாவட்டங்களில் பேஸ்கட்பால் பைத்தியம் பிடித்தவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூர்யநாராயணன் நினைவுக் கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சென்னையிலிருந்து இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., லோனாவ்லாவிலிருந்து கடற்படை, திருவனந்தபுரத்திலிருந்து கேரள மின்வாரியம் என்று பெரிய அணிகள் வந்து இறங்கும். எங்கள் தளவாய்புரத்துக்குப் பக்கத்திலேயே ராஜபாளையம். அங்கே கூடைப்பந்துக்கு எப்போதும் ஆள் சேரும். சின்ன வயதிலிருந்து ஃபிளட்லைட் வெளிச்சத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மேட்ச் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து என் மனதில் ஊறிப்போன ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மேட்சில் யார் ஜெயிப்பார்கள் என்பதைக் கோர்ட்டில் ஆடுகிற பத்துப் பேர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த நாளில் யாரோடு யார், எத்தனை மணிக்கு என்று ஃபிக்சர் போடுகிறாரே, அவருக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. ரெஃப்ரி ஒரு ஃபவுல் தப்பாகக் கொடுத்தால் கிரவுண்டே எழுந்து நின்று கத்துகிறது. ஃபிக்சரில் ஓர் அணிக்கு அநியாயம் நடந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத ஃபவுல்.

களைப்பு எங்கே தெரியும்?

முந்தின ராத்திரி கடைசி மேட்ச் ஆடிவிட்டு மறுநாள் வந்து நிற்கிற அணியைக் கவனித்துப் பாருங்கள். முதல் கால் பகுதியில் ஒன்றும் தெரியாது. வேகமாகத்தான் ஓடுவார்கள். மூன்றாவது கால் பகுதியில்தான் குட்டு வெளிப்படும். ஷூட் பண்ணும்போது பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வர ஆரம்பிக்கும். கைக்குக் குறி தப்பியிருக்காது. கால்தான் தூக்கித் தரவில்லை. ஜம்ப் ஷாட்டின் பலம் முழங்காலிலிருந்து வருகிறது. முழங்கால் சோர்ந்தால் பந்து அரை அடி முன்னாலேயே விழுந்துவிடும்.

அடுத்தது தடுப்பாட்டம். எதிராளி இடது பக்கம் நகர்ந்தால் பாதத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி மறிக்க வேண்டும். களைத்த ஆள் பாதத்தை நகர்த்த மாட்டார், கையை நீட்டுவார். கை நீட்டினால் ஃபவுல். ரீபவுண்டுக்கு முதுகு கொடுத்து மறிக்க வேண்டிய இடத்தில் நின்றபடியே அண்ணாந்து பந்தைப் பார்ப்பார். புள்ளிவிவரத் தாளில் இதெல்லாம் ‘ஃபவுல் 4’, ‘தவறிய ஷாட் 9’ என்று பதிவாகும். ‘நேற்று ராத்திரி படுக்கும்போது மணி ஒன்று’ என்று எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

ஆட்டம் 40 நிமிடம்தான். ஆனால் அந்த 40 நிமிடமும் ஓட்டம், நிற்றல், குதித்தல், திரும்ப ஓட்டம். ஒரு ராத்திரி தூக்கத்தை அதிலிருந்து கழித்துவிட்டால் திறமை அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் ஒத்துழைக்காது.

உலகத்தின் பணக்கார லீக்கிலும் இதே கதை

நம் ஊர் டோர்னமென்ட்டில் வசதி குறைவு, அதனால் இப்படி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் என்.பி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிழக்குக் கரையில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் மேட்ச் குளிர்காலத்தில் நமக்குக் காலை 6 மணி. எங்கள் தெருவில் நைட்டி தைக்கிற மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன் முதல் பாதி முடிந்துவிடும். மேற்குக் கரை மேட்ச் என்றால் 9 மணி. காலையில் டீ குடித்துக்கொண்டே அங்கே ராத்திரி ஆடுகிறவர்களைப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. நாளாக நாளாக, அட்டவணையைப் பார்த்தே யார் தோற்பார்கள் என்று ஓரளவு கணிக்க வந்துவிட்டது.

30 அணிகள். ஆளுக்கு 82 மேட்ச். உள்ளூரில் 41, வெளியூரில் 41. காகிதத்தில் இதைவிட நியாயமான கணக்கு இல்லை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து ஃபிலடெல்ஃபியா சுமார் 150 கிலோமீட்டர். நம் ராஜபாளையத்திலிருந்து திருநெல்வேலி போய் வருகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கே போர்ட்லாண்ட் அணிக்கோ மிகப் பக்கத்து எதிரணியே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளி. மின்னசோட்டா அணியைப் போர்ட்லாண்ட், டென்வர், யூட்டா, ஓக்லஹோமா இருக்கும் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். மின்னியாபொலிஸுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே பிரிவு, ஒருவருக்கொருவர் ஆண்டுக்கு 4 மேட்ச். மேற்கில் அதிகம் அலைகிற அணி ஒரு சீசனில் 80,000 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்கிறது. கிழக்கில் இருக்கிற அணிகள் பலவற்றுக்கு அதைவிடப் பல ஆயிரம் கிலோமீட்டர் குறைவு. இதில் மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசமும் உண்டு. போதாக்குறைக்கு டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேறு ஊரில் நேற்று ஆடிவிட்டு இன்று அங்கே போய் மூச்சு வாங்க ஓடுவது சாதாரணப் பாடு இல்லை.

இந்த அட்டவணையை மேட் வினிக் என்கிற ஒரு மனிதர்தான் ஏறக்குறைய 30 ஆண்டுகள் தயாரித்துக் கொடுத்தார். எந்த அரங்கம் எந்த நாளில் காலி, எங்கே இசைக் கச்சேரி, எங்கே ஐஸ் ஹாக்கி, எந்த மேட்ச் டிவிக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துப் போட வேண்டிய வேலை. இப்போது கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான அட்டவணைகளை அலசுகிறது. அடுத்தடுத்த இரண்டு நாளும் ஆடுவதை அங்கே ‘பேக்-டு-பேக்’ என்கிறார்கள். 2014-15 சீசனில் ஓர் அணிக்குச் சராசரியாக 19 பேக்-டு-பேக் வந்தன. இப்போது 15 வாக்கில் இறங்கியிருக்கிறது. ஐந்து நாளில் நான்கு மேட்ச் என்கிற கொடுமையை 2017-18இல் ஒழித்தார்கள். அதற்காக சீசனையே ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினார்கள். மனசு வைத்தால் மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

மாற்றுவதற்கு ஒரு சண்டையும் தேவைப்பட்டது. 2012 நவம்பர் 29. சான் அன்டோனியோ அணி மயாமியில் ஆட வேண்டும். தொடர்ந்து ஆறாவது வெளியூர் மேட்ச், ஐந்து ராத்திரியில் நான்காவது ஆட்டம். எதிரே இருந்த மயாமி பல நாள் ஓய்வெடுத்துப் புத்துணர்ச்சியோடு காத்திருந்தது. பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் தன் பெரிய ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி ஆகியோரையும் டேனி கிரீனையும் மேட்சுக்கு முன்பே ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தவர்கள் ஆடி 105-100 என்று தோற்றார்கள். லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டார். டிக்கெட் வாங்கி வந்த ரசிகருக்கு ஏமாற்றம் என்பது லீக்கின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணையைப் போட்டவர்களுக்கு யார் அபராதம் போடுவது? நான் பாப்போவிச் பக்கம்தான். ஒரு மனிதனை ஐந்து ராத்திரியில் நான்கு தடவை ஓடவிட்டு, அவன் உட்கார்ந்ததும் தண்டிப்பது முறையல்ல.

மேட்ச் எண்ணிக்கையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அது நடக்காது. 2025-26இலிருந்து 11 ஆண்டுகளுக்கான ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் 76 பில்லியன் டாலர் அளவு. ஒவ்வொரு மேட்சும் காசு. எண்ணிக்கையில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே ஓய்வைப் பங்கிடுவதில்தான் நியாயத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

பெண்கள் லீக்கில் நடந்தது

இந்த விஷயத்தில் என்னை மிகவும் பாதித்தது டபிள்யூ.என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கப் பெண்கள் லீக். ஆண்கள் அணிகள் தனி விமானத்தில் பறந்த காலத்தில் இந்தப் பெண்கள் சாதாரணப் பயணிகளோடு சாதாரண விமானத்தில் போனார்கள். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள், முழங்காலை மடக்கிக்கொண்டு நடுசீட்டில். 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் அணி வாஷிங்டனுக்குப் போகும்போது விமானங்கள் தாமதமாகி, ரத்தாகி, சுமார் 25 மணி நேரம் வழியிலேயே கழிந்தது. மேட்சுக்குச் சில மணி நேரம் முன்னால்தான் போய்ச் சேர்ந்தார்கள். இந்த நிலையில் ஆடினால் காயம் படும் என்று ஆட மறுத்தார்கள். லீக் அதைத் தோல்வியாக அறிவித்தது. அந்த சீசன் முடிவில் அவர்கள் அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில்.

அடுத்து 2021. நியூயார்க் அணியின் உரிமையாளர்கள் தங்கள் சொந்தக் காசில் வீராங்கனைகளுக்குத் தனி விமானம் ஏற்பாடு செய்தார்கள். அப்போதைய லீக் விதியில் அதற்கு இடமிருக்கவில்லை. பணக்கார அணிக்கு மட்டும் நல்ல தூக்கம் கிடைத்தால் மற்ற அணிகளுக்கு அநியாயம் என்பது அந்த விதியின் நியாயம். 5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. எல்லோரும் சமமாக இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சமம் என்றால் எல்லோரும் சமமாகக் கஷ்டப்பட வேண்டும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 2024இல்தான் லீக்கே இரண்டு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கி எல்லா அணிகளுக்கும் தனி விமானம் கொடுத்தது. சமத்துவத்தை மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கீழே இழுத்து நிறுத்தக் கூடாது. இதை நம் ஊர் விளையாட்டு நிர்வாகிகள் ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம் நாட்டில் லீக் என்றால்

இந்தியாவில் தொழில்முறை கூடைப்பந்து இன்னும் தவழுகிற நிலைதான். 2015இல் யு.பி.ஏ. என்கிற லீக் வந்தது, சில சீசன்களில் நின்றது. 2022இல் ஐ.என்.பி.எல். என்கிற லீக் தொடங்கியது. 6 நகரங்களின் பெயரில் 6 அணிகள். முதல் சீசன் கோப்பையை சென்னை ஹீட் வென்றது. அதில் அணிகள் ஊர் ஊராகப் போய் எதிரணியின் அரங்கில் ஆடவில்லை. எல்லா அணிகளும் ஒரே நகரத்தில் கூடி ஒரு சுற்று ஆடிவிட்டு அடுத்த நகரத்துக்குப் போகிற முறை. செலவு குறைவு, பயணமும் எல்லோருக்கும் ஏறக்குறைய சமம். ஆனால் சென்னை அணிக்குச் சென்னை ரசிகர் கைதட்டுகிற பாக்கியம் இல்லாமல் போனது. பயணத்தின் அநியாயம் குறைந்த இடத்தில் ஓய்வின் அநியாயம் தலைதூக்கும். ஒரே கோர்ட்டில் நாள்தோறும் மேட்ச் என்றால், யாருக்கு எந்த நாள் விடுமுறை என்பதுதான் எல்லாம்.

இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். கற்பனையாக ஒரு பிரிவில் 5 அணிகள் என்று வையுங்கள். சென்னை, கோவை, திருச்சி, மதுரை, ராஜபாளையம். ராஜபாளையத்தில் நடக்கிறது. ஆளுக்கு ஆள் ஒரு தடவை மோதினால் 10 மேட்ச். நாளுக்கு இரண்டு வீதம் 5 நாள். ஒற்றைப்படை என்பதால் தினமும் ஓர் அணிக்கு ஓய்வு. ஃபிக்சர் போடுகிறவர்கள் எல்லோரும் கையாளுகிற சுற்று முறையில் போட்டால் இப்படி வரும்:

முதல் நாள்: திருச்சி–மதுரை, கோவை–ராஜபாளையம். சென்னைக்கு ஓய்வு.
இரண்டாம் நாள்: சென்னை–திருச்சி, மதுரை–ராஜபாளையம். கோவைக்கு ஓய்வு.
மூன்றாம் நாள்: சென்னை–ராஜபாளையம், கோவை–மதுரை. திருச்சிக்கு ஓய்வு.
நான்காம் நாள்: சென்னை–கோவை, திருச்சி–ராஜபாளையம். மதுரைக்கு ஓய்வு.
ஐந்தாம் நாள்: சென்னை–மதுரை, கோவை–திருச்சி. ராஜபாளையத்துக்கு ஓய்வு.

ஆறாம் நாள் செமி ஃபைனல், ஏழாம் நாள் ஃபைனல்.

எல்லோருக்கும் 4 மேட்ச், எல்லோருக்கும் ஒரு நாள் ஓய்வு. யாரும் குறை சொல்ல முடியாது போலத்தான் தோன்றும். இப்போது சென்னையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாள் வரை விடாமல் 4 மேட்ச். செமிக்கு வந்தால் தொடர்ந்து ஐந்தாவது ஆட்ட நாள், ஃபைனல் ஆறாவது ஆட்ட நாள், இடையில் ஒரு நாள்கூட மூச்சு விட நேரமில்லை. அதிலும் ஐந்தாம் நாள் எதிரே வருகிற மதுரை, முந்தின நாள் முழு ஓய்வு எடுத்துவிட்டு வருகிறது. ராஜபாளையத்தைப் பாருங்கள். 4 நாள் தொடர்ந்து ஆடினாலும் செமிக்கு முந்தின நாள் ஓய்வு. சொந்த வீட்டுச் சாப்பாடு, சொந்தப் படுக்கை. பயணமே செய்யாத அணிக்குத்தான் மிக உபயோகமான ஓய்வு போய்ச் சேர்கிறது.

இதே அட்டவணையில் ராஜபாளையத்துக்கும் ஒரு பாதகம் உண்டு. ஐந்தாம் நாள் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க, மற்ற நான்கு அணிகளும் எத்தனை புள்ளி வித்தியாசம் போதும் என்று தெரிந்துகொண்டு ஆடும். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் இதுதான் நடந்தது. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டது. மறுநாள் ஜூன் 25 அன்று ஸ்பெயினின் கிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற ஸ்கோர் இரண்டு பேரையும் காப்பாற்றும் என்று தெரிந்ததும் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டின. அல்ஜீரியா வெளியே போனது. அதன் பிறகுதான் கடைசி லீக் ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிற விதி வந்தது. ஒரே ஒரு கோர்ட் வைத்திருக்கிற நம் டோர்னமென்ட்டுகளில் அது முடியாது. அதனால்தான் யாருக்குக் கடைசி நாள் ஓய்வு என்பதைச் சும்மா விதியிடம் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

இந்தக் கணக்கிலிருந்து நான் கண்டது இதுதான். இரண்டு அணிகளும் களைத்திருந்தால் அது நியாயமான ஆட்டம். இரண்டும் ஓய்ந்திருந்தால் நல்ல ஆட்டம். ஒன்று களைத்து, ஒன்று ஓய்ந்து வந்தால் அதுதான் அநியாயம். எத்தனை மேட்ச், எத்தனை நாள் ஓய்வு என்று தனித்தனியாக எண்ணிப் பிரயோஜனம் இல்லை. அந்தந்த மேட்சில் எதிரெதிரே நிற்கிற இரண்டு பேருக்கும் இடையே ஓய்வில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

பயணம் என்றால் நம் பக்கத்துப் பயணம்

என்.பி.ஏ. ஆட்டக்காரருக்குத் தனி விமானம். நம் பக்கத்துப் பையன்களுக்கு? ராஜபாளையத்தில் மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. ரிசர்வேஷன் இருந்தால் படுத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் அன்ரிசர்வ்டு பெட்டியில் பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி ராத்திரி முழுக்க. கோவை என்றால் பெரும்பாலும் பஸ்தான் கதி. வடக்கேயிருந்து பெரியகுளத்துக்கு வருகிற அணிகளின் பாடு இன்னும் மோசம். பெரியகுளத்தில் ரயில் நிலையம் கிடையாது. மதுரை–தேனி அகலப்பாதையில் 2022 மே மாதம்தான் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்தது. அதுவரை மதுரையிலோ கொடைக்கானல் ரோட்டிலோ இறங்கி, அங்கிருந்து வேன் பிடித்து வர வேண்டியிருந்தது. லோனாவ்லாவிலிருந்து வருகிறவருக்கு இது ஒன்றரை நாள் பயணம்.

நான் பள்ளியில் ஆடிய காலத்தில் எங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, காலை முதல் மேட்சில் இறங்கினோம். எதிரே உள்ளூர் அணி, வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. நாங்கள் தோற்றோம். அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே மேட்சை மதியத்துக்கு மேல் வைத்திருந்தால் ஓர் ஆட்டமாவது இருந்திருக்கும். ‘தூரத்து ஊர் டீமா, முதல் ரவுண்டிலேயே போட்டுவிடு, தோற்றால் சீக்கிரம் ஊருக்குப் போகலாம்’ என்று கரிசனமாகவே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரிசனம் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆடத்தான் போயிருந்தோம்.

பெண்கள் மேட்சுக்கு வருவோம். ஆண், பெண் இரண்டு பிரிவும் நடக்கிற இடங்களில் ஃபிளட்லைட் நேரம் முழுக்க ஆண்களுக்குப் போகும். பெண்கள் ஆட்டம் வெயில் இறங்கும் முன்பே தொடங்கிவிடும். மே மாதத்துச் சிமெண்ட் தரையில் மூன்றரை மணிக்கு நின்று பாருங்கள், ஷூவைத் தாண்டிச் சூடு ஏறும். கூட்டமும் அப்போது வராது. கூட்டம் வராததால் ‘பெண்கள் மேட்சுக்கு ஆள் வருவதில்லை’ என்று பேச்சு. 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை நம் தமிழ்நாட்டுக்காரர். அப்படி ஓர் ஆட்டக்காரியைக் கொடுத்த மாநிலத்தில் பெண்களின் செமி ஃபைனல் வெயிலில் நடப்பது நமக்கு அழகில்லை.

அமைப்பாளர்களின் கஷ்டமும் தெரியும்

டோர்னமென்ட் நடத்துவது லேசான காரியம் இல்லை. மண்டபத்தில் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, ரெஃப்ரிகளுக்குப் படி, கேலரி கட்டக் காசு, லைட்டுக்குக் காசு என்று ஒரு நாள் கூடினால் பட்ஜெட் எகிறும். நன்கொடை கொடுத்தவர் வருகிற நாளில் உள்ளூர் அணி ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். முதல் நாள் கூட்டம் சேர வேண்டுமானால் உள்ளூர் அணி இறங்கியாக வேண்டும். என்.பி.ஏ.வில் டிவிக்காரன் கேட்பதும் இதேதான், அளவுதான் வேறு. என்.பி.ஏ.காரர்களும் வசதிக்காக இறுதிச் சுற்றை 1985 முதல் 2013 வரை 2-3-2 என்று நடத்தினார்கள். முதல் இரண்டு மேட்ச் ஓர் ஊரில், அடுத்த மூன்றும் எதிரணி ஊரில், கடைசி இரண்டு மறுபடி முதல் ஊரில். கரைக்குக் கரை அலைச்சல் மிச்சம் என்பதுதான் காரணம். ஆனால் லீக்கில் மேலே நின்ற அணி, நெருக்கடியான ஐந்தாவது மேட்சை வெளியூரில் ஆட வேண்டியிருந்தது. 2014இல் 2-2-1-1-1 என்று பழைய முறைக்கே திரும்பினார்கள். அலைச்சல் கூடினாலும் பரவாயில்லை, நியாயம் முக்கியம் என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கே சுமார் 30 ஆண்டுகள் ஆயின.

நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம். ஃபிக்சர் போடும் பெரியவர்களுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் இவை:

ஒன்று. ஃபிக்சரை ரயில் ரிசர்வேஷன் திறக்கும் முன் வெளியிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் டிக்கெட் எடுக்க முடிகிறது. அதற்கு முன்பே தேதி தெரிந்தால் பன்னிரண்டு பையன்களும் படுத்துக்கொண்டு வருவார்கள். இதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நான் கேட்பதிலேயே மிகவும் பலன் தருவதும் இதுதான்.

இரண்டு. ராத்திரிப் பயணம் செய்து வருகிற அணிக்கு அன்று காலை மேட்ச் போடாதீர்கள். மாலை கடைசி மேட்ச் கொடுங்கள்.

மூன்று. ராத்திரி கடைசி மேட்ச் ஆடிய அணியை மறுநாள் முதல் மேட்சில் இறக்காதீர்கள். நாளைக்கு ஆடுகிற நேரம் இன்றைக்கு ஆடிய நேரத்துக்கு ரொம்ப முன்னதாக வரக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே போதும்.

நான்கு. செமிக்கு முந்தின நாள் ஓய்வை உள்ளூர் அணி எடுத்துக்கொள்ளக் கூடாது. தூரத்திலிருந்து வந்தவருக்குக் கொடுங்கள். உள்ளூர் அணிக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு வைத்தால் உங்களுக்கு வேண்டிய முதல் நாள் கூட்டமும் கிடைக்கும்.

ஐந்து. பெண்களின் செமியும் ஃபைனலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கட்டும். ஒரு நாள் பெண்கள் முதலில், ஒரு நாள் ஆண்கள் முதலில் என்று மாற்றிப் போடுங்கள்.

ஆறு. ஃபிக்சர் எப்படிப் போடப்பட்டது என்பதை டீம் மேனேஜர்களுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதா, தரவரிசை பார்த்துப் போட்டதா, தூரம் பார்த்துப் போட்டதா என்று தெரிந்தால் தோற்றவர் மனதில் கசப்பு தங்காது.

கோச்சுகளுக்கும் ஒரு வார்த்தை. ஃபிக்சர் தாளை வாங்கியதும் முதல் மேட்ச் யாரோடு என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உங்கள் அணிக்கு எந்த நாள் ஓய்வு, எதிரணிக்கு எந்த நாள் என்று பேனாவால் குறித்துப் பாருங்கள். அநியாயம் தெரிந்தால் போட்டி தொடங்கும் முன் மரியாதையாகப் போய்க் கேளுங்கள். தோற்ற பிறகு கேட்டால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

வரைபடத்தில் தளவாய்புரம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், சென்னையும் கோவையும் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். தூரத்தைக் குறைக்க யாராலும் ஆகாது. ஓய்வைப் பங்கிடுவது மனிதர் கையில் இருக்கிறது. இந்தக் கோடையில் உங்கள் ஊரில் டோர்னமென்ட் நடத்துகிற கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், மேலே சொன்ன ஆறில் முதல் மூன்றையாவது இந்த ஆண்டே செய்யச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரி பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்காக நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?